டயல்-அப் இணைப்பு மென்பொருள்: பதிப்புகளும் திருத்தங்களும்

டயல்-அப் இணைப்பு மென்பொருள் என்பது கணினியை மோடம் வழியாகவும் சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியாகவும் இணையத்தோடு இணைக்கும் மென்பொருள் ஆகும். 1990களிலும் 2000களின் முதல் பாதியிலும் இந்திய வீடுகளிலும் உலாவு மையங்களிலும் இணையம் பெரும்பாலும் இவ்வழியாகவே வந்தது. இம்மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பும் சில புதிய வசதிகளோடும் சில பிழை திருத்தங்களோடும் வெளிவந்தது. இத்திருத்தங்களை வரிசையாகப் பார்த்தால் அக்காலப் பயனர் இழந்தவை எவை என்பது விளங்கும். அவற்றுள் முக்கியமானவை மூன்று: பாதியில் அறுந்த இணைப்பு, வீணான கட்டணம், திருடப்பட்ட கடவுச்சொல். இம்மூன்றுக்கும் அன்று கண்ட தீர்வுகள் பல இன்றைய கண்ணாடியிழை இணைப்பிலும் தொடர்கின்றன.

இந்தியாவிலும் புதுச்சேரியிலும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்கள் முதலில் இணைப்புப் பெற்றன. எழுத்து மட்டுமே தெரியும் 'ஷெல்' கணக்கு ஒரு வகை. படங்களோடு உலாவியைப் பயன்படுத்த உதவும் டி.சி.பி./ஐ.பி. கணக்கு மற்றொரு வகை. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. சென்னையைச் சேர்ந்த சத்யம் ஆன்லைன் (பின்னர் சிஃபி) அவற்றுள் ஒன்று. 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனம் செயல்படத் தொடங்கியது. 172 என்று தொடங்கும் எண்ணை உள்ளூர் அழைப்பாகச் சுழற்றி இணையத்தைப் பெறும் முறை சிறு ஊர்களுக்கும் பரவியது.

புதுச்சேரிப் பகுதியில் டயல்-அப் இணைப்பின் பயனைக் காட்டும் சிறந்த சான்று, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம். நெல்லித்தோப்புக்கு மேற்கே, விழுப்புரம் செல்லும் சாலையில் உள்ள வில்லியனூர் இதன் மையமாக இருந்தது. இம்மையத்துக்குத் தொலைபேசி வழியாக இணைய இணைப்பு இருந்தது. அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் அறிவு மையங்களுக்கு வி.எச்.எஃப். வானொலிக் கருவிகள் மூலம் செய்தி அனுப்பப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பு வில்லியனூரில் எடுக்கப்பட்டு வீராம்பட்டினத்துக்குப் போகும். அங்கே ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்படும். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர் முடிவு செய்ய அது உதவியது. இத்திட்டம் 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது பெற்றது. ஒரு தொலைபேசி இணைப்பை நம்பிப் பல ஊர்கள் இருக்கும்போது, அந்த இணைப்பு அறுபடாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மென்பொருள் செய்யும் வேலை

'இணை' என்ற பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் ஐந்து வேலைகளை வரிசையாகச் செய்கிறது.

1. மோடத்தை எழுப்பித் தொலைபேசியில் டயல் தொனி வருகிறதா என்று பார்க்கிறது.
2. சேவை நிறுவனத்தின் எண்ணைச் சுழற்றுகிறது.
3. இரு பக்க மோடங்களும் ஒரு வேகத்துக்கு உடன்படும்வரை காத்திருக்கிறது. அப்போது கேட்கும் கிரீச்சொலிதான் டயல்-அப் இணைப்பின் அடையாளமாகப் பலர் நினைவில் நிற்பது.
4. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பிச் சரிபார்க்கச் செய்கிறது.
5. அந்த அழைப்புக்கு மட்டும் உரிய ஐ.பி. முகவரியைப் பெற்றுக் கணினிக்குத் தருகிறது.

இவற்றுள் எந்தப் படியில் தடை ஏற்பட்டாலும் இணைப்பு கிடைக்காது. பதிப்புகளில் வந்த திருத்தங்கள் பெரும்பாலும் இந்த ஐந்து படிகளுள் ஏதேனும் ஒன்றைச் சார்ந்தவை.

ஸ்லிப்பிலிருந்து பி.பி.பி.க்கு

தொலைபேசிக் கம்பியில் இணையப் பொதிகளை அனுப்பத் தொடக்கத்தில் 'ஸ்லிப்' என்ற எளிய நெறிமுறை பயன்பட்டது. 1988இல் ஆர்.எஃப்.சி. 1055 ஆக இது எழுதப்பட்டது. இதில் பிழை கண்டறியும் வழியோ, கடவுச்சொல் சரிபார்க்கும் முறையோ, முகவரியைத் தானாகப் பெறும் ஏற்பாடோ இல்லை. இக்குறைகளைத் தீர்த்தது பி.பி.பி. என்னும் நெறிமுறை. 1994 ஜூலையில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1661 இதன் நிலைத்த வடிவம். இன்றும் நடைமுறையில் உள்ளது இதுவே.

இடையில் 1990இல் வந்த மற்றொரு மேம்பாடு வான் ஜேக்கப்சன் வகுத்த தலைப்புச் சுருக்கம். ஒவ்வொரு டி.சி.பி./ஐ.பி. பொதிக்கும் 40 பைட் அளவில் ஒரு தலைப்பு உண்டு. ஷெல் கணக்கில் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த ஒரு பைட்டுக்காக 41 பைட் பயணம் செய்ய வேண்டும். அஞ்சலட்டையில் ஓர் எழுத்தை எழுதிவிட்டு முகவரியைப் பக்கம் பக்கமாக எழுதுவது போன்றது இது. அடுத்தடுத்த பொதிகளின் தலைப்பில் மாறாத பகுதியை மீண்டும் அனுப்பாமல் விடுவதே ஜேக்கப்சனின் முறை. இதனால் 40 பைட் தலைப்பு 3 பைட் அளவுக்குச் சுருங்கக்கூடும்.

விண்டோஸ் 3.1 காலத்தில் இணைய இணைப்பு மென்பொருள் இயங்குதளத்தோடு வரவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம் எழுதிய 'டிரம்பெட் வின்சாக்' உலகெங்கும் அந்த இடத்தை நிரப்பியது. ஸ்லிப்போடு தொடங்கிய அது, பின்வந்த பதிப்புகளில் பி.பி.பி. வசதியையும் பெற்றது.

விண்டோஸ் பதிப்புகள்

1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95இல் டயல்-அப் இணைப்பு இயங்குதளத்தின் பகுதியாகவே அமைந்தது. தனி மென்பொருள் தேடும் தேவை குறைந்தது. எனினும் முதல் பதிப்பில் குறைகள் இருந்தன. சில சேவை நிறுவனங்களின் சர்வர்கள், அழைப்புக் கிடைத்ததும் பயனர்பெயரைக் கையால் தட்டச் சொல்லும். அதைத் தானாகச் செய்யும் 'ஸ்கிரிப்ட்' கருவியைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது.

1997இல் வந்த டயல்-அப் 1.2 மேம்பாடு, இரண்டு தொலைபேசி இணைப்புகளை ஒன்றாகச் சேர்த்து வேகத்தைக் கூட்டும் 'மல்டிலிங்க்' வசதியைத் தந்தது. இணையத்தின் வழியாக அலுவலக வலையமைப்புக்குள் செல்ல உதவும் பி.பி.டி.பி. வசதியும் இதில் இருந்தது. 1998இல் வந்த 1.3 பதிப்பு பாதுகாப்பையும் செயல்திறனையும் முன்னிறுத்தியது. இவற்றை நிறுவும்போது விண்டோஸ் 95 மூல வட்டை மென்பொருள் கேட்கும். வட்டு இல்லாதவர் அதோடு நிற்க வேண்டியதுதான்.

1998 ஜூன் 25 அன்று வெளிவந்த விண்டோஸ் 98 இவ்வசதிகளைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. 1999இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, இணைய இணைப்பைப் பகிரும் வசதியைச் சேர்த்தது. மோடம் உள்ள ஒரு கணினி வாயிலாகப் பல கணினிகள் ஒரே தொலைபேசி அழைப்பில் இணையம் பெற முடிந்தது. ஒற்றைத் தொலைபேசியோடு கடை தொடங்கிய உலாவு மையங்களுக்கு இது பயனுள்ளதாக இருந்தது. ஆனால் இருக்கும் வேகம் எல்லாக் கணினிகளுக்கும் பங்கு பிரிந்தது.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தடுப்புச்சுவரைத் தந்தது. அகன்ற அலைவரிசைக்குத் தேவையான பி.பி.பி.ஓ.இ. வசதியும் அதிலேயே இருந்தது.

காசைக் காத்த வசதிகள்

டயல்-அப் இணைப்பில் இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடின. சேவை நிறுவனத்திடம் முன்பணம் கட்டி வாங்கிய மணிநேரம் ஒன்று. தொலைபேசிக் கட்டணம் மற்றொன்று. உள்ளூர் அழைப்புக்கு 3 நிமிடத்துக்கு ஒரு பல்ஸ் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 20 பல்ஸ் ஆகும். எனவே ஒவ்வொரு நிமிடத்தையும் மிச்சப்படுத்தும் வசதி பயனருக்குப் பணமாகவே இருந்தது.

- தானே துண்டித்தல்: குறிப்பிட்ட நேரம் எந்தப் பொதியும் போகாமல் வராமல் இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் வசதி. இணைப்பை அணைக்க மறந்து உறங்கிப்போனவரின் கட்டணத்தைக் காத்தது இதுவே.
- மீண்டும் சுழற்றுதல்: எண் வேலையாக இருந்தாலோ இணைப்பு அறுந்தாலோ தானே மீண்டும் அழைக்கும் வசதி.
- டயல் தொனிக்குக் காத்திராமை: சில தொலைபேசி நிலையங்களின் தொனியை வெளிநாட்டு மோடங்கள் அடையாளம் காணவில்லை. 'டயல் தொனிக்குக் காத்திரு' என்ற தேர்வை நீக்கினால் சிக்கல் தீர்ந்தது. பழைய நிலையங்களுக்கு 'டோன்' முறையை விட்டுப் 'பல்ஸ்' முறையில் சுழற்றும்படியும் மாற்ற முடிந்தது.
- தேவையற்ற உள்நுழைவை நீக்குதல்: விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் 'வலையமைப்பில் உள்நுழை' என்ற தேர்வு இயல்பாகவே இருந்தது. வீட்டுப் பயனருக்குத் தேவையில்லாத அதை நீக்கினால் இணைப்பு விரைவில் கிடைத்தது.

பொதியின் அளவு

விண்டோஸ் 95 டயல்-அப் இணைப்பிலும் 1500 பைட் அளவுள்ள பெரிய பொதிகளையே பயன்படுத்தியது. அலுவலக வலையமைப்புக்கு அது பொருந்தும். 28,800 பிட் வேகமுள்ள மோடத்தில் ஒரு 1500 பைட் பொதி கடக்க ஏறத்தாழ 0.42 நொடி ஆகும். இடையில் கம்பியில் இரைச்சல் வந்து பொதி கெட்டால் அதை முழுவதும் மீண்டும் அனுப்ப வேண்டும். 576 பைட் பொதியோ 0.16 நொடியில் கடந்துவிடும். விண்டோஸ் 98 வேகம் குறைந்த இணைப்பைத் தானே கண்டறிந்து 576 பைட் அளவுக்கு மாறிக்கொண்டது. பயனர் விரும்பினால் அளவைத் தாமே தேர்ந்துகொள்ளவும் முடிந்தது. அதுவரை பதிவேட்டில் கைவைத்து இம்மாற்றத்தைச் செய்தவர்கள் பலர்.

மோடத்துக்கும் புதிய பதிப்பு உண்டு

மோடத்தினுள் இருக்கும் நிலைபொருளும் புதுப்பிக்கத்தக்கதே. 1997இல் 56,000 பிட் வேகத்துக்கு எக்ஸ்2, கே56ஃபிளெக்ஸ் என ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு முறைகள் போட்டியிட்டன. வாங்கிய மோடம் ஒரு முறையும், சேவை நிறுவனத்தின் மோடம் வேறு முறையுமாக இருந்தால் முழு வேகம் கிடைக்காது. 1998இல் வி.90 என்ற பொதுத் தரம் வந்தது. பல மோடங்கள் நிலைபொருளை மட்டும் மாற்றி வி.90க்கு மாறின. புதிய கருவி வாங்கும் செலவு மிச்சமானது. 2000இல் வந்த வி.92 தரம் தொடக்கக் கைகுலுக்கலின் நேரத்தைக் குறைத்தது. இணையத்தில் இருக்கும்போதே வரும் அழைப்பை எடுத்துப் பேசவும் அது வழி செய்தது. தொலைபேசி நிலையமும் சேவை நிறுவனமும் அதற்கு இடம் தந்தால்தான் இவ்வசதி பயன்படும்.

கடவுச்சொல் திருத்தங்கள்

முன்பணம் கட்டி வாங்கிய மணிநேரம் ஒரு கடவுச்சொல்லின் பின்னே இருந்தது. அதை அறிந்தவர் எவரும் அந்த நேரத்தைச் செலவழிக்க முடியும். 'இணைய நேரத் திருட்டு' இந்தியாவின் தொடக்ககால இணையக் குற்றங்களுள் ஒன்று. கணினியில் முறைகேடு செய்து, தாம் பெற்ற சேவையின் கட்டணத்தைப் பிறர் கணக்கில் சேர்ப்பவர் இழப்பீடு தரவேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு கூறுகிறது.

மென்பொருளிலும் இதற்கான திருத்தங்கள் வந்தன. விண்டோஸ் 95இன் முதல் பதிப்பு, சேமித்த கடவுச்சொற்களை வலுவற்ற 32 பிட் திறவியால் மறைத்து வைத்தது. அது எளிதில் உடையும் என்று 1995 இறுதியில் வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 128 பிட் திறவியுடன் திருத்தம் வெளியிட்டது.

கம்பியில் செல்லும் கடவுச்சொல்லும் சிக்கலுக்குரியதே. 'பாப்' முறையில் கடவுச்சொல் அப்படியே செல்லும். 'சாப்' முறையில் அது கம்பியில் செல்லாது. சர்வர் ஒரு வினாவை அனுப்பும். கடவுச்சொல்லை அறிந்த கணினி மட்டுமே அதற்குச் சரியான விடையைக் கணக்கிட முடியும். மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.சாப் முறையில் உள்ள ஓட்டைகளைப் புரூஸ் ஷ்னையரும் 'மட்ஜ்' என்ற புனைபெயர் கொண்ட ஆய்வாளரும் 1998இல் வெளிப்படுத்தினர். இதையடுத்து எம்.எஸ்.சாப் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் பயனர் தம்மை நிறுவுவது போலவே சர்வரும் தன்னை நிறுவ வேண்டும். ஆயினும் 2012இல் அதையும் ஒரு நாளுக்குள் உடைக்க முடியும் என்று காட்டப்பட்டது. எனவே பி.பி.டி.பி. முறை இன்று பாதுகாப்பானதாகக் கருதப்படுவதில்லை. நேற்றைய திருத்தம் இன்றைய ஓட்டையாக மாறலாம் என்பதற்கு இது தெளிவான சான்று.

திருத்தத்தைப் பெறுவதில் இருந்த தடை

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்னும் புழு விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. கணினிகளில் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. டயல்-அப் பயனருக்கோ இக்கட்டான நிலை. திருத்தத்தை எடுக்க இணையத்துக்குப் போக வேண்டும். போனால் புழு தாக்கும். 60 நொடிகளில் கணினி அணைந்து மீண்டும் தொடங்கும். இணைப்பின் பண்புகளில் தடுப்புச்சுவரை முதலில் இயக்கிவிட்டுப் பிறகு எண்ணைச் சுழற்றுவதே இதற்கு வழி.

ஓராண்டு கழித்து, 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி. இரண்டாம் சேவைத் தொகுப்பு தடுப்புச்சுவரை இயல்பாகவே இயங்கச் செய்தது. முழுத் தொகுப்பின் அளவு ஏறத்தாழ 266 மெகாபைட். நொடிக்கு 40,000 பிட் என்ற வேகம் தடையின்றிக் கிடைத்தாலும் அதை இறக்க ஏறத்தாழ 15 மணி நேரம், அதாவது 300 பல்ஸ் ஆகும். ஆகவே குறுவட்டுகளே திருத்தங்களைச் சுமந்து வந்தன. பிசி குவெஸ்ட், சிப், டிஜிட் போன்ற கணினி இதழ்களோடு இணைப்பாக வந்த வட்டுகள் கைமாறிக் கைமாறிச் சென்றன. மிக வேண்டிய திருத்தம், வேகம் குறைந்த பயனருக்கே கடைசியாகப் போய்ச் சேர்ந்தது.

லினக்ஸில்

லினக்ஸில் இவ்வேலையைச் செய்வது 'பி.பி.பி.டி.' என்ற நிரல். தேவைப்படும்போது தானே அழைக்கும் வசதி இதன் 2.3 வரிசையில் வந்தது. அழைப்பு விவரங்களைத் தானே கண்டறியும் 'வி.வி.டயல்', நேரத்தையும் தொலைபேசிச் செலவையும் கணக்கிட்டுக் காட்டும் 'கே.பி.பி.பி.' ஆகியவை இதன்மேல் அமைந்த எளிய கருவிகள். விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட மலிவான உள்மோடங்கள் பல லினக்ஸில் இயங்காதது அக்காலத்தின் பெரிய தொல்லை. அவற்றின் வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் இயக்கிமென்பொருளே செய்ததுதான் காரணம்.

பொதுவான பிழை எண்கள்

விண்டோஸ் டயல்-அப் இணைப்பு, தடையின் காரணத்தை ஓர் எண்ணால் சொல்லும்.

- 676: எண் வேலையாக உள்ளது.
- 678: மறுமுனை விடையளிக்கவில்லை.
- 680: டயல் தொனி இல்லை. கம்பி சரியாகச் செருகப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.
- 633: மோடத்தை வேறு நிரல் பயன்படுத்துகிறது, அல்லது அது சரியாக நிறுவப்படவில்லை.
- 691: பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை.
- 720: இரு பக்கமும் நெறிமுறையில் உடன்படவில்லை.

எண்ணைக் குறித்துக்கொண்டு உதவி கேட்பவருக்கு விரைவில் தீர்வு கிடைக்கும். 680 வந்தவர் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. 691 வந்தவர் கம்பியை மாற்றிப் பயனில்லை.

இன்றைய நிலை

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் 'டேட்டாஒன்' அகன்ற அலைவரிசைச் சேவையைத் தொடங்கியபின் டயல்-அப் இணைப்பு படிப்படியாக மறைந்தது. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்தியது.

ஆனால் மென்பொருளின் உள்ளுறுப்புகள் மறையவில்லை. 1999இல் ஆர்.எஃப்.சி. 2516 ஆக வெளிவந்த பி.பி.பி.ஓ.இ., பழைய பி.பி.பி. நெறிமுறையை ஈத்தர்நெட்டில் ஏற்றி அனுப்புகிறது. பி.எஸ்.என்.எல். கண்ணாடியிழை இணைப்பின் ரூட்டரில் உள்ளிடும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இதற்காகவே. கணினியிலிருந்து நேரடியாக இணைத்தால், கடவுச்சொல் தவறும்போது வருவது அதே 691தான். இதன் தலைப்புக்கு 8 பைட் தேவை என்பதால் பொதியின் அளவு 1500லிருந்து 1492 ஆகக் குறைகிறது. ரூட்டரில் இந்த அளவு தவறாக இருந்தால் சில தளங்கள் திறக்கும், சில திறக்காமல் நிற்கும்.

பழைய பிழைகளும் உள்ளே தங்கியிருக்கக்கூடும். 2020இல் பி.பி.பி.டி. நிரலின் 2.4.2 முதல் 2.4.8 வரையான பதிப்புகளில் ஒரு கடுமையான ஓட்டை கண்டறியப்பட்டது. வரும் தரவின் நீளத்தைச் சரியாகச் சோதிக்காத அந்தப் பிழை ஏறத்தாழ 17 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. லினக்ஸ் வெளியீடுகளும் சில ரூட்டர்களும் இதனால் பாதிக்கப்பட்டன. சில வரிகளை மாற்றியதும் பிழை தீர்ந்தது. ஆனால் திருத்திய பதிப்பை நிறுவிய கருவிக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆகவே வீட்டில் உள்ள ரூட்டரின் நிலைபொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று அவ்வப்போது அதன் அமைப்புப் பக்கத்தில் பார்த்து நிறுவிக்கொள்வது நல்லது. இன்று அதற்கு 15 மணி நேரம் ஆகாது. பெரும்பாலும் சில நிமிடங்களே போதும்.